ரத்தப் புற்றுநோயும் ‘டி-ரெக்’ செல்களும்: சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவமனை ரத்த ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால் போதும், பாசார் மாலாம் இரவுச் சந்தையில் கீரை வாங்கும்போதும் கையில் ரிப்போர்ட்டைத் திணிப்பார்கள். சர்க்கரை, கொழுப்பு என்று போய்க்கொண்டிருந்த பேச்சு, 2025 அக்டோபரில் மருத்துவ நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட பிறகு வேறு பக்கம் திரும்பியது. ‘டி-ரெக்’ என்ற ரத்தச் செல்லைப் பற்றி வாட்சாப்பில் ஒரு தகவல் சுற்றியது. அதைப் படித்துவிட்டு, வீட்டில் ரத்தப் புற்றுநோய் நோயாளி இருப்பவர்கள் ஆளாளுக்கு அதே கேள்விகளைக் கேட்க ஆரம்பித்தார்கள். எனவே பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்தை மாற்றுவது, நிறுத்துவது பற்றி உங்கள் டாக்டர் சொல்வதுதான் முடிவு.

1. “அக்கா, டி-ரெக் டி-ரெக்னு சொல்றாங்களே, அது என்ன? கிருமியா?”

கிருமி இல்லை. நம் எல்லார் ரத்தத்திலும் ஓடும் ஒரு வகை வெள்ளை அணு. முழுப் பெயர் ஒழுங்குபடுத்தும் டி செல். டி செல்களில் கிருமியைத் தாக்குபவை உண்டு, தாக்குபவற்றுக்கு உதவுபவை உண்டு. “போதும், நிறுத்து” என்று சொல்பவையும் உண்டு. அந்தக் கடைசி வகைதான் டி-ரெக். தாக்குதல் அளவுக்கு மீறி நம் சொந்த உடம்பின் மேலேயே பாயாமல் தடுப்பது இவற்றின் வேலை.

தைப்பூசத்தில் ரதத்தைச் சுற்றிக் கயிறு பிடித்து நிற்கும் தொண்டர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் இல்லாவிட்டால் கூட்டம் சக்கரத்துக்குள் போய் விழும். அதே கயிற்றைத் தவறான இடத்தில் பிடித்தால் ஆம்புலன்ஸும் உள்ளே போக முடியாது. புற்றுநோய் செய்வது அதைத்தான். தன்னைச் சுற்றிக் கயிறு பிடிக்க வைத்துக்கொண்டு உள்ளே பத்திரமாக இருந்துவிடுகிறது.

2. “நோபல் பரிசு குடுத்துட்டாங்கன்னா மருந்து வந்துடுச்சுன்னுதானே அர்த்தம்?”

இல்லை. பரிசு, இந்தச் செல்களைக் கண்டுபிடித்து அவை எப்படி வேலை செய்கின்றன என்று காட்டியதற்கு. வாங்கியவர்கள் மூவர்: ஜப்பானைச் சேர்ந்த ஷிமோன் சகாகுச்சி, அமெரிக்காவைச் சேர்ந்த மேரி பிரன்கோவ், ஃபிரெட் ராம்ஸ்டெல். சகாகுச்சி 1995-ல் எலிகளை வைத்து, சிடி25 என்ற அடையாளம் கொண்ட டி செல்களை எடுத்துவிட்டால் உடம்பு தன்னைத்தானே தாக்கிக்கொள்கிறது என்று காட்டினார். மற்ற இருவரும் 2001-ல் ஃபாக்ஸ்பி3 என்ற மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அந்த மரபணுதான் ஒரு டி செல்லை டி-ரெக் ஆக்குகிறது என்பது அடுத்த சில ஆண்டுகளில் உறுதியானது.

வாட்சாப் தகவலில் “புற்றுநோய்க்கு நோபல் மருந்து” என்று இருந்தது. அப்படி ஒரு மருந்து கிடையாது. இதை வைத்துச் சில சிகிச்சைகள் உருவாகி வருகின்றன, அவ்வளவுதான். அவற்றைக் கீழே சொல்கிறேன்.

3. “எங்க அப்பா ரிப்போர்ட்டுல எந்த வரியில இது இருக்கு? மஞ்சள் மார்க்கர்ல கோடு போட்டுக் குடுங்க.”

எந்த வரியிலும் இல்லை. நீங்கள் கொண்டு வருவது எஃப்.பி.சி. எனப்படும் சாதாரண ரத்த எண்ணிக்கை. அதில் ஹீமோகுளோபின், பிளேட்லெட், வெள்ளை அணு, அதற்குள் லிம்போசைட் என்பது வரைதான் வரும். லிம்போசைட்டுக்குள் டி செல், டி செல்லுக்குள் சிடி4 வகை, அந்த சிடி4-க்குள் 5 முதல் 10 சதவீதம்தான் டி-ரெக். ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் 800 சிடி4 செல் இருந்தால், டி-ரெக் 40 முதல் 80 வரை இருக்கும்.

இதை எண்ண ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற கருவி வேண்டும். ஊதா மூடி போட்ட குழாயில் வரும் ரத்தத்தோடு, ஒளிரும் சாயம் ஒட்டிய எதிர்ப்பொருள்களைக் கலந்து இருட்டில் வைப்போம். பிறகு செல்கள் ஒவ்வொன்றாக லேசர் கதிரைக் கடந்து போகும். எந்த நிறம் மின்னுகிறது என்பதை வைத்துக் கருவி எண்ணும். டி-ரெக் என்றால் சிடி4 இருக்க வேண்டும், சிடி25 பளிச்சென்று இருக்க வேண்டும், சிடி127 மங்கலாக இருக்க வேண்டும். திரையில் அது ஒரு மூலையில் சின்னப் புள்ளிக் கூட்டமாகத் தெரியும். எல்லைக்கோட்டைக் கொஞ்சம் நகர்த்தினாலும் எண்ணிக்கை மாறிவிடும். ஃபாக்ஸ்பி3 செல்லின் உட்கருவில் இருப்பதால், அதைப் பார்க்கச் செல்லின் சவ்வில் துளை போட வேண்டும். துளை போட்டால் செல் செத்துவிடும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. மனிதர்களிடம், சாதாரண டி செல்லும் தூண்டப்பட்டால் கொஞ்ச நேரம் ஃபாக்ஸ்பி3 காட்டும். அதனால் ஒரு ஆய்வகத்தின் எண்ணும் இன்னொன்றின் எண்ணும் அப்படியே ஒத்துப்போகாது. ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் டாக்டர்கள் இதை வாடிக்கையாக எடுக்காததற்கு இதுவும் ஒரு காரணம். எடுக்கவில்லை என்றால் அப்பாவைக் கவனிக்கவில்லை என்று அர்த்தம் இல்லை.

4. “அப்போ அது நல்லதா கெட்டதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.”

எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள். ஒரே வார்த்தை கிடையாது. எந்த ரத்தப் புற்றுநோய், எந்தக் கட்டத்தில் என்று கேட்டால்தான் பதில் வரும்.

வேகமாக வளரும் ரத்தப் புற்றுநோயான அக்யூட் மைலாய்ட் லுக்கிமியா, அதாவது ஏ.எம்.எல்.-இல் டி-ரெக் அதிகமாக இருப்பது பொதுவாக நல்ல அறிகுறி இல்லை. மெதுவாக வளரும் சி.எல்.எல். என்ற லுக்கிமியாவில் நோய் முற்ற முற்ற டி-ரெக்கும் கூடுவதைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் நிணநீர்ப் புற்றுநோய்களான ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவிலும் ஃபாலிகுலர் லிம்ஃபோமாவிலும் கதை தலைகீழ். கட்டியின் திசுவில் ஃபாக்ஸ்பி3 செல்கள் நிறைய இருந்த நோயாளிகள் நன்றாக இருந்தார்கள் என்று சில ஆய்வுகள் காட்டின. லிம்ஃபோமா செல்லே லிம்போசைட் குடும்பத்தைச் சேர்ந்தது. அதனால் டி-ரெக் அதையும் சேர்த்து அடக்குகிறதோ என்று ஒரு விளக்கம் சொல்கிறார்கள். மஜ்ஜையில் வரும் மல்டிபிள் மயலோமா என்ற புற்றுநோயில் சில ஆய்வுகள் கூடுதல் என்கின்றன, சில குறைவு என்கின்றன. மூன்றாம் பதிலில் சொன்ன எண்ணும் சிக்கலுக்கும் இதில் பங்கு உண்டு.

எலும்பு மஜ்ஜை மாற்று செய்த பிறகோ டி-ரெக் வேண்டிய செல்லாகவே ஆகிவிடுகிறது. அது 13-ஆம் கேள்வியில்.

5. “மாமாவுக்கு ஏ.எம்.எல். டி-ரெக் ஜாஸ்தின்னா கீமோ கேக்காதா?”

அப்படி நேர்க்கோடு போட முடியாது. நோய் கண்டுபிடிக்கும் நேரத்தில் ஏ.எம்.எல். நோயாளிகளின் ரத்தத்திலும் மஜ்ஜையிலும் டி-ரெக் பங்கு கூடியிருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அதிகம் இருந்தவர்களுக்குச் சிகிச்சை பலன் குறைவாக இருந்ததும் உண்டு. ஆனால் மாமாவின் சிகிச்சையைத் தீர்மானிப்பது அது இல்லை. குரோமோசோம் மாற்றங்கள், எஃப்.எல்.டி.3, என்.பி.எம்.1 போன்ற மரபணு மாற்றங்கள், வயது, இருதயம் தாங்குமா என்பது, இவைதான் முன்னால் நிற்கும். டாக்டரிடம் கேட்க வேண்டுமானால் “மரபணுப் பரிசோதனை முடிவு வந்துவிட்டதா?” என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு உபயோகமான பதில் கிடைக்கும்.

ஏன் கூடுகிறது என்றால், லுக்கிமியா செல்கள் சும்மா இருப்பதில்லை. சில நோயாளிகளின் லுக்கிமியா செல்கள் ஐடிஓ என்ற நொதியை உண்டாக்குகின்றன. அது டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தைச் சிதைக்கும். டிரிப்டோஃபான் குறைந்த இடத்தில் தாக்கும் டி செல்கள் சோர்ந்துவிடும், டி-ரெக் பெருகும். போதாக்குறைக்கு எலும்பு மஜ்ஜை, டி-ரெக் வந்து தங்க இயல்பாகவே வசதியான இடம்.

6. “அந்தச் செல் எப்படித்தான் மத்த செல்லை அடக்குது? அடிச்சுப் போடுதா?”

அடிப்பது குறைவு, பட்டினி போடுவது அதிகம். தாக்கும் டி செல்கள் பெருக ஐஎல்-2 என்ற புரதம் வேண்டும். டி-ரெக்கின் மேல் இருக்கும் சிடி25 அந்தப் புரதத்தை முதலில் உறிஞ்சிவிடும். அடுத்து சிடிஎல்ஏ-4 என்ற கொக்கியால், மற்ற டி செல்களைத் தூண்டிவிடும் செல்களின் மேலிருக்கும் தூண்டுகோல்களைப் பிடுங்கிவிடும். ஐஎல்-10, டிஜிஎஃப்-பீட்டா போன்ற அடக்கும் புரதங்களையும் சுரக்கும். ஐஎல்-2 என்ற பெயரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அது திரும்ப வரும்.

7. “எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுற பவுடர் ஒண்ணு வீடு வீடா விக்கிறாங்க. டி-ரெக்கைக் குறைக்கும்னு டப்பாவுலயே போட்டிருக்கு. வாங்கலாமா?”

வாங்காதீர்கள். டப்பாவில் அப்படி அச்சடித்தவருக்கு முதலில் நான்காம் பதிலைப் படித்துக்காட்ட வேண்டும். எதிர்ப்புச் சக்தி என்பது ரேடியோ சத்தம் மாதிரி கூட்டவோ குறைக்கவோ ஒரே பட்டன் உள்ள சாமான் இல்லை. அதற்குள் தாக்குபவையும் இருக்கின்றன, தடுப்பவையும் இருக்கின்றன. “கூட்டுகிறேன்” என்பவரிடம் எதைக் கூட்டுகிறீர்கள் என்று கேளுங்கள்.

பெரிய ஆராய்ச்சியாளர்களே இதில் சறுக்கியிருக்கிறார்கள். ஆறாம் பதிலில் சொன்ன ஐஎல்-2-வை, சிகிச்சையில் ஏ.எம்.எல். நோய் அடங்கியிருந்தவர்களுக்கு ஊசியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். டி செல்கள் பெருகும், மிச்சமிருக்கும் நோயை அழிக்கும் என்பது கணக்கு. தனியாகக் கொடுத்த ஐஎல்-2 நோய் திரும்புவதைத் தடுக்கவில்லை என்று பல சோதனைகளில் தெரிந்தது. அதை முதலில் உறிஞ்சுவது டி-ரெக் என்பதால், கொடுத்த மருந்து அதற்கே தீனியாகிவிட்டதோ என்ற சந்தேகம் வலுவாக இருக்கிறது. மருத்துவமனையில் அளந்து கொடுத்த ஊசிக்கே இந்தக் கதி. சந்தையில் வரும் பவுடருக்கு என்ன உத்தரவாதம்?

8. “பப்பாளி இலைச் சாறு குடிச்சா பிளேட்லெட் ஏறும்னு சொல்றாங்களே?”

அந்தப் பேச்சு டெங்குவிலிருந்து வந்தது. மலேசியாவில் டெங்கு நோயாளிகளிடம் நடத்திய ஓர் ஆய்வில், சாறு குடித்தவர்களுக்குப் பிளேட்லெட் வேகமாக ஏறியதாக 2013-ல் வெளியிட்டார்கள். டெங்குவில் மஜ்ஜை நல்ல மஜ்ஜை. கிருமி போனால் தானாகவே தேறிவிடும். லுக்கிமியாவில் மஜ்ஜையையே நோய் பிடித்திருக்கிறது. அங்கே கிடைத்த பலனை இங்கே கொண்டு வந்து ஒட்ட முடியாது.

வெள்ளை அணு குறைந்திருக்கும்போது, கழுவியும் கழுவாமலும் இடித்த பச்சை இலைச் சாறு தொற்றையும் கூட்டிக்கொண்டு வரலாம். ஜாமு, மக்ஜுன் போன்ற மலாய் நாட்டு மருந்து, சீன வைத்தியரான சின்சே கட்டிக் கொடுக்கும் பொட்டலம், எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். ஒளித்து மட்டும் சாப்பிடாதீர்கள். பொட்டலத்தையே எடுத்துப் போய் மருந்தகத்தில் காட்டுங்கள்.

9. “தம்புன் பொமலோ சாப்பிடலாமா? அதுவுமா தப்பு?”

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டதில் மிக நல்ல கேள்வி இது. பொமலோவும் கிரேப்ஃப்ரூட்டும் குடலில் மருந்தைச் சிதைக்கும் ஒரு நொதியை முடக்கிவிடும். மஜ்ஜை மாற்றுக்குப் பிறகு எதிர்ப்புச் சக்தியை அடக்கக் கொடுக்கும் சைக்ளோஸ்போரின் மாத்திரையோடு பொமலோ சேர்ந்தால், ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். சி.எம்.எல். என்ற இன்னொரு வகை லுக்கிமியாவுக்குக் கொடுக்கும் இமாடினிப், நிலோடினிப் போன்ற மாத்திரைகளும் அதே நொதி வழியாகத்தான் போகின்றன.

ஈப்போவுக்குப் போய்வரும் வழியில் பொமலோ வாங்காமல் வருவது கஷ்டம்தான். அப்பாயின்மெண்ட் முடிந்து வரும்போதே வாங்கிக்கொண்டு வருகிறார்கள். வாங்குங்கள், நோயாளி தவிர மற்றவர்கள் சாப்பிடட்டும். மயலோமாவுக்கு போர்டெசோமிப் ஊசி போட்டுக்கொள்பவர்கள் கிரீன் டீ மாத்திரையைத் தவிர்ப்பது நல்லது. அதிலுள்ள ஒரு பொருள் ஊசி மருந்தைக் கட்டிப்போட்டுவிடுவதை ஆய்வகச் சோதனையில் கண்டிருக்கிறார்கள்.

10. “தோட்டத்துல முப்பது வருஷம் மருந்து அடிச்சேன். அதனாலதான் இந்தச் செல் கெட்டுப் போச்சா?”

உங்கள் ஒருவருக்கு இதனால்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கேள்வி நியாயமானது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல் கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியை “மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது” என்ற வகையில் சேர்த்தது. அப்போது பேசப்பட்டது லிம்ஃபோமா வகை. மற்ற சில அமைப்புகள் அதை ஏற்கவில்லை. பென்சீன் என்ற ரசாயனம் ஏ.எம்.எல். உண்டாக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. பராகுவாட் என்ற களைக்கொல்லி நம் நாட்டில் 2020 ஜனவரி முதல் தடை. அது தடையானதற்குப் பெரிய காரணம் அதன் கொடிய நச்சுத்தன்மை.

செம்பனைக்குள் முதுகில் தோம்பு சுமந்து மருந்து அடித்தவர்கள், என்ன மருந்து, எத்தனை ஆண்டு என்பதை டாக்டரிடம் சொல்லி ஃபைலில் எழுதச் சொல்லுங்கள். வேலை செய்ய முடியாமல் போனால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்க்கேசோவில் விண்ணப்பிக்க அது உதவும். டி-ரெக்கை இதில் இழுக்க வேண்டியதில்லை.

11. “காய்ச்சல் வந்தா எதிர்ப்புச் சக்தி வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்? பனடோல் போட்டுப் பார்க்கட்டுமா?”

கூடாது. கீமோ எடுப்பவருக்கு 38 டிகிரி காய்ச்சல் வந்தால் அன்றைக்கே, இரவாக இருந்தாலும், மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதற்கும் டி-ரெக்கிற்கும் சம்பந்தமில்லை. கீமோவில் நியூட்ரோஃபில் என்ற இன்னொரு வெள்ளை அணு அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். அந்த நேரத்துத் தொற்று சில மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும். பனடோல் காய்ச்சலை மட்டும் மறைக்கும்.

அவசரப் பிரிவில் போய் “காய்ச்சல்” என்று மட்டும் சொன்னால் டெங்கு வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். “கீமோ நோயாளி, கடைசி கீமோ இந்தத் தேதி” என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

12. “கீமோவுக்கு அப்புறம் டி-ரெக் சதவீதம் ஏறியிருக்குன்னு சொன்னாங்க. கீமோவால நோய் கூடிடுச்சா?”

ஆராய்ச்சியில் சேர்ந்திருக்கும் ஒருவர் கேட்டது. ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். கீமோவுக்கு முன் சிடி4 செல் 800, அதில் டி-ரெக் 6 சதவீதம். அதாவது 48. கீமோவுக்குப் பின் சிடி4 வெறும் 150, டி-ரெக் 14 சதவீதம். அதாவது 21. சதவீதம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது, எண்ணிக்கையோ பாதிக்கும் கீழே போய்விட்டது. எந்த எண்ணைச் சொன்னார்கள் என்று கேளுங்கள்.

மருந்துக்கு மருந்து இது மாறும். குறைந்த அளவு சைக்ளோஃபாஸ்ஃபமைடு டி-ரெக்கைக் குறைக்கும். ஃப்ளூடரபினும் குறைக்கும். சி.எல்.எல். நோயாளிகளில் சிலருக்குத் தன் சிவப்பணுவைத் தானே அழிக்கும் ரத்தசோகை வருவது உண்டு. ஃப்ளூடரபின் கொடுத்தபின் அது கிளம்பியதையும் பார்த்திருக்கிறார்கள். தடுப்பவர் விலகினால் என்ன ஆகும் என்பதற்கு அது ஒரு அடையாளம்.

13. “முதல்ல கெட்டதுன்னீங்க. இப்ப தங்கச்சிக்கு போன் மாரோ மாத்தப் போறாங்க, டாக்டர் டி-ரெக் நல்லதுங்கறார். யார் சொல்றது சரி?”

இரண்டும் சரி. மாற்றுக்கு முன்னால், டி-ரெக் நோயைப் பாதுகாக்கலாம். மாற்றுக்குப் பின்னால், அதே டி-ரெக் தங்கையைப் பாதுகாக்கும். கொடையாளியின் டி செல்கள் புது உடம்பைப் பார்த்து “இது அந்நியம்” என்று தாக்க ஆரம்பிக்கும். அதுதான் ஜி.வி.எச்.டி. தோலில் சிவப்பு, வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை இவை முதல் மாதங்களில் வரலாம். நாள்பட்ட வகையில் வாய்ப்புண், கண் வறட்சி, தோல் இறுக்கம். அதே கொடையாளி செல்கள்தான் மிச்சமிருக்கும் லுக்கிமியாவையும் தேடி அழிக்கின்றன. முன்னதைத் தடுத்து, பின்னதை விட்டுவைக்க வேண்டும். டி-ரெக்கைச் சேர்த்துக் கொடுத்தால் இது முடியும் என்று 2003-ல் எலிகளிடம் காட்டினார்கள்.

அதை மனிதரிடம் செய்தவர்கள் இத்தாலியின் பெருஜியா நகரத்துக் குழுவினர். திசு வகை பாதி மட்டும் பொருந்தும் கொடையாளியிடமிருந்து டி-ரெக்கை முதலில் ஏற்றினார்கள். சில நாள் கழித்து ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்லையும் தாக்கும் டி செல்லையும் ஏற்றினார்கள். 2011-ல் அதன் முடிவை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் ஓர்கா-டி என்று இதைப் பொருளாகவே தயாரித்து, வழக்கமான மாற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2025-ல் வந்த முடிவின்படி, ஓராண்டில் மிதமான அல்லது கடுமையான நாள்பட்ட ஜி.வி.எச்.டி. இல்லாமல் உயிரோடு இருந்தவர்கள் 78 சதவீதம், வழக்கமான முறையில் 38 சதவீதம். இப்படி ஏற்றும் டி-ரெக்கை உயிரோடு பிரிக்க வேண்டும். செல்லைக் கொல்லும் ஃபாக்ஸ்பி3 சோதனை இதற்கு உதவாது. மூன்றாம் பதிலில் சொன்ன சிடி25 மாதிரியான வெளி அடையாளங்களை வைத்துத்தான் பிரிக்கிறார்கள்.

நம் பக்கம் பரவலாக நடப்பது வேறொன்று. பாதிப் பொருத்த மாற்றில், மூன்றாம் நான்காம் நாள் சைக்ளோஃபாஸ்ஃபமைடு கொடுக்கிறார்கள். கொந்தளிக்கும் டி செல்கள் அதில் சாகும். டி-ரெக்கிடம் அந்த மருந்தைச் சிதைக்கும் நொதி இருப்பதால் அது தப்பித்துவிடும். தங்கைக்கு இது கொடுத்தால் “மாற்று செய்த கையோடு ஏன் மறுபடி கீமோ?” என்று பயப்பட வேண்டாம்.

14. “12-ல சைக்ளோ மருந்து டி-ரெக்கைக் குறைக்கும்னீங்க, 13-ல தப்பிக்கும்னீங்க. இது என்ன விளையாட்டு?”

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். அளவும் நேரமும்தான் வித்தியாசம். சும்மா இருக்கும் டி-ரெக்கிடம் அந்த நொதி குறைவு. கொடையாளி செல்கள் அந்நிய உடம்பைப் பார்த்துக் கிளர்ந்த பிறகு, டி-ரெக் அந்த நொதியை அதிகமாகச் செய்துகொள்கிறது. அந்த நேரம் பார்த்து மருந்து போகிறது.

ஐஎல்-2-வும் இப்படித்தான். ஏழாம் பதிலில் அது ஏமாற்றியது. ஆனால் மிகக் குறைந்த அளவில் கொடுத்தால் டி-ரெக் மட்டும் பெருகும் என்பதை வேண்டுமென்றே பயன்படுத்தி, நாள்பட்ட ஜி.வி.எச்.டி. உள்ளவர்களுக்கு அமெரிக்காவில் கொடுத்தார்கள். 2011-ல் வந்த அந்த ஆய்வில், மதிப்பிட முடிந்த 23 பேரில் 12 பேருக்கு ஓரளவு பலன் கிடைத்தது.

15. “டி-ரெக்கை மொத்தமா அழிச்சிட்டா புற்றுநோய் போயிடாதா?”

அழிந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். ஃபாக்ஸ்பி3 மரபணு பழுதாகப் பிறக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பாதிக்கப்படுவது பெரும்பாலும் ஆண் குழந்தைகள். பிறந்த கொஞ்ச காலத்திலேயே நிற்காத வயிற்றுப்போக்கு, இனிப்புநீர், தோல் அழற்சி எல்லாம் சேர்ந்து வரும். மஜ்ஜை மாற்றுதான் அதற்குத் தீர்வு.

டி-ரெக்கைத் தாக்கும் மருந்தே உண்டு. மொகாமுலிசுமாப் ஜப்பானில் 2012-ல் அனுமதி பெற்றது. எச்.டி.எல்.வி-1 வைரஸால் வரும் ஒருவகை டி செல் லுக்கிமியாவுக்கு அது. அந்த நோயில் புற்றுநோய் செல்லே பல நேரம் டி-ரெக் வேடம் போட்டிருக்கும், ஃபாக்ஸ்பி3-யும் காட்டும். மருந்து அதைப் பிடிக்கும்போது நல்ல டி-ரெக்கையும் சேர்த்துப் பிடித்துவிடும். மாற்றுக்குக் கொஞ்ச நாள் முன்பு இந்த மருந்து எடுத்தவர்களுக்குக் கடுமையான ஜி.வி.எச்.டி. அதிகம் வந்தது. 13-ஆம் பதிலைப் படித்தவர்களுக்குக் காரணம் புரியும்.

16. “கார்-டி சிகிச்சையிலயும் இது குறுக்க வருமா?”

வரும். நோயாளியின் டி செல்லையே எடுத்து, மரபணு மாற்றி, திருப்பி ஏற்றுவது கார்-டி. எடுக்கும்போது டி-ரெக்கும் சேர்ந்து வந்துவிட்டால், அதுவும் கார்-டி ஆகிவிடும். லிம்ஃபோமா நோயாளிகளிடம் அப்படி மாறிய டி-ரெக் அதிகம் இருந்தபோது நோய் திரும்பும் வாய்ப்பு கூடியதை 2022-ல் வந்த ஆய்வுகள் காட்டின.

17. “கிள்ளான் பக்கம் ஒரு இடத்துல டி-ரெக் ஊசின்னு பல ஆயிரம் வெள்ளி கேக்கறாங்க. வீட்டை அடமானம் வெச்சாவது போடலாமா?”

வேண்டாம். 13-ல் சொன்னவை எல்லாம் மஜ்ஜை மாற்றோடு சேர்ந்து நடந்தவை, பெரிய மருத்துவமனையில், நோயாளிக்குப் பொருந்தும் கொடையாளியிடமிருந்து செல் எடுத்து. கடைவீதி மாடியில் போடும் ஊசிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஏ.எம்.எல். இருப்பவருக்கு நிஜமாகவே டி-ரெக் ஏற்றினால் அது நோய்க்குத் துணை போகலாம். போலியாக இருந்தால் பணம் மட்டும் போகும்.

முறையான ஆராய்ச்சி என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி எண் இருக்கும், உங்கள் மொழியில் விளக்கத் தாள் தரவேண்டும், சோதனை மருந்துக்கு உங்களிடம் பணம் கேட்க மாட்டார்கள், எப்போது வேண்டுமானாலும் விலகலாம். தாளை வீட்டுக்கு எடுத்துவந்து படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால் போதும். வழி தெரியாவிட்டால் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி ரத்தநோய் கிளினிக்கில் உங்களைப் பார்க்கும் டாக்டரிடமே கேளுங்கள். அம்பாங் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டுமா என்பதை அவர்தான் முடிவு செய்து ருஜுக்கான் என்ற பரிந்துரைக் கடிதம் தருவார்.

18. “அண்ணன்தான் எனக்கு டோனர். இனிமே எனக்குள்ள ஓடறது அவரோட டி-ரெக்கா, என்னோடதா?”

மாற்று நன்றாகப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலும் அண்ணனுடையது. உங்கள் ரத்தத்தில் குரோமோசோம் பார்த்தால் ஆணின் எக்ஸ்-ஒய் தெரியும். தோலும் முடியும் உங்களுடையதாகவே இருக்கும். புது டி-ரெக் முழுதாகத் தேற மாதக்கணக்கில், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல் ஆகும். வயதானவர்களுக்கு டி செல் பயிற்சி பெறும் தைமஸ் சுரப்பி சுருங்கியிருப்பதால் இன்னும் மெதுவாக நடக்கும். சைக்ளோஸ்போரினை டாக்டர் உடனே நிறுத்தாமல் படிப்படியாகக் குறைப்பது அதற்காகவும்தான். நன்றாகத்தானே இருக்கிறேன் என்று நீங்களாக விட்டுவிடாதீர்கள்.

அண்ணனின் ரத்த வகை வேறாக இருந்தால் உங்கள் ரத்த வகையும் சில மாதங்களில் அவருடையதாக மாறும். விபத்து, பிரசவம் என்று வேறு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் பழைய வகையைச் சொல்லாதீர்கள். மாற்று செய்த மருத்துவமனையையும் தேதியையும் சொல்லுங்கள். உங்களுக்கு ஏற்றும் ரத்தம் கதிர்வீச்சு காட்டிய ரத்தமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த ரத்தத்தில் வரும் அந்நிய டி செல்களே உங்களைத் தாக்கலாம். மாற்று செய்த இடத்தில் இதற்கு அட்டை கொடுத்திருந்தால், அதை ஐ.சி. அடையாள அட்டையோடு சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.